அம்மாவுக்கு நுரையீரல் கேன்சர்னு இன்னும் சொல்லல, இப்ப மாத்திரையை நிறுத்திட்டாங்க. யாராச்சும் வழி சொல்லுங்க

செல்விமகள்_புதுக்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா வாசிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு எழுதாம முடியல. அம்மாவுக்கு 58 வயசு. ஐப்பசி மழையில ஆரம்பிச்ச இருமல், ஊர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டினோம், எக்ஸ்ரே பாத்துட்டு டிபியா இருக்கும்னு மாத்திரை ஆரம்பிச்சாரு, சளி டெஸ்ட்ல கிருமி ஒண்ணும் வரல ஆனாலும் சாப்பிடட்டும்னாரு, மாசக்கணக்கா சாப்பிட்டு உடம்பு எளைச்சதுதான் மிச்சம். அப்புறம் ஒரு ராத்திரி படுக்கவே முடியல, உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்குறாங்க, திருச்சிக்கு தூக்கிட்டு போனா நுரையீரலை சுத்தி தண்ணி கோத்திருக்குன்னு ஊசி போட்டு எடுத்தாங்க. அந்த தண்ணியை டெஸ்டுக்கு அனுப்பினப்பதான் அடினோகார்சினோமா, அது நுரையீரல் கேன்சர்ல ஒரு வகையாம், நாலாவது ஸ்டேஜ்னு வந்துச்சு. ஈஜிஎஃப்ஆர்ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் பாஸிட்டிவ், எக்ஸான் 19 டெலிஷன்னு மாற்றத்தோட பேரு போட்டிருக்கு. அதுக்குன்னு உள்ள மாத்திரை, ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம், தினம் ஒண்ணு.

அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான். அம்மாட்ட சொல்லவே கூடாது, சொன்னா அந்த அதிர்ச்சியிலயே போயிடுவாங்கன்னு ஒத்தக்கால்ல நின்னான், அப்பாவும் அதே. அதனால "நுரையீரல்ல சளி கட்டிக்கிடக்கு, அது கரைய மாத்திரை"ன்னு சொல்லி வச்சிருக்கோம். மாத்திரை நல்லா கேட்டுச்சுங்க, மூணாவது வாரமே இருமல் நின்னுடுச்சு, மாடிப்படி ஏறுறாங்க, நாங்க எல்லாம் சாமி கும்பிட்டோம்.

நேத்து கோலம் போடலாம்னு கோலமாவு டப்பாவை எடுத்தேன், உள்ள கை விட்டா மாவுக்கு அடியில மாத்திரை அட்டை. பிரிக்கவே இல்லை, பத்தும் அப்படியே இருக்கு. கேட்டா "சளி போயிடுச்சேடி, இருமலே இல்ல, இந்த மாத்திரையாலதான் மூஞ்சியெல்லாம் பருவா வருது, வயித்தால வேற போகுது, சூடு தாங்கல, நீ திட்டுவேன்னுதான் சொல்லல"ங்கிறாங்க. அவங்க சொல்றதுல என்ன தப்பு சொல்லுங்க. சளிக்கு குடுத்த மாத்திரையை சளி போனதும் யாருமே நிறுத்தத்தானே செய்வாங்க. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னே தெரியல. இனிமே எப்படி சாப்பிட வைக்கிறது?

ராகவன்_மடிப்பாக்கம்

சிஸ்டர், மொதல்ல ரெண்டு விஷயம், மத்ததெல்லாம் அப்புறம். ஒண்ணு, இன்னைக்கே உங்க கேன்சர் டாக்டருக்கு போன் பண்ணி எத்தனை நாள் மாத்திரை போகலன்னு சொல்லுங்க. மறைக்காதீங்க. ஏன்னா அடுத்த ஸ்கேன்ல கட்டி வளந்திருந்தா, அம்மா ஒழுங்கா சாப்பிட்டும் வளந்துடுச்சு, மருந்து வேலை செய்யலன்னு டாக்டர் நினைச்சிடுவார், நல்லா கேட்டுட்டு இருந்த மருந்தை மாத்திடுவார். ரெண்டு, விட்டுப்போனதுக்கு ஈடு கட்டுறேன்னு ரெண்டு ரெண்டா குடுத்துடாதீங்க. எப்பவுமே ஒரு நாள் மறந்துட்டா, அடுத்த மாத்திரைக்கு 12 மணி நேரத்துக்கு கம்மியா இருந்தா மறந்ததை விட்டுட்டு அடுத்ததை மட்டும் போடணும்.

எனக்கும் நுரையீரல் கேன்சர்தான், ஆனா நான் ஏஎல்கேங்கிற வேற ஜீன் மாற்றம் பாஸிட்டிவ், உங்கம்மாவுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற, ஆனா ரெண்டுமே மாத்திரையில ஓடுற வண்டிதான். அதுக்கான அலெக்டினிப் மாத்திரை எடுக்கறேன், காலையில நாலு ராத்திரி நாலு, மொத்தம் 8 காப்ஸ்யூல், சாப்பாட்டோட. எனக்கு 41 வயசு, சிகரெட்டை தொட்டதே இல்ல. இந்த மாத்திரைங்க கேன்சரை மொத்தமா அழிக்கிறது இல்ல, அந்த ஜீன் மாற்றம் குடுக்குற சிக்னலை அடைச்சு வைக்குது, அவ்ளோதான். நிறுத்தினா சிக்னல் திரும்ப ஓட ஆரம்பிச்சிடும், சில பேருக்கு ரொம்ப வேகமாவே. இருமல் நின்னது மருந்து வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம், வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா இதை அம்மாவுக்கு எப்படி புரிய வைப்பீங்க, வியாதி என்னன்னே தெரியாம?

மீனாட்சி_டீச்சர்_மதுரை

செல்வி, நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசுறேம்மா, அதாவது உங்கம்மா இடத்துல இருந்து. எனக்கும் பிள்ளைங்க சொல்லல. "இன்ஃபெக்ஷன்"னு சொன்னாங்க. நான் முப்பது வருஷம் பாடம் நடத்துனவ, ஆஸ்பத்திரி பில்டிங் மேல எந்தப் பிரிவுன்னு ஆள் உயர எழுத்துல எழுதி வச்சிருக்கான், பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு தலையில முடியில்ல, என்னத்தத் தெரியாம இருக்கும்? மகன் ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிப்பான், டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி "நீங்க இங்க உக்காருங்கம்மா, நான் பேசிட்டு வந்துர்றேன்"பான். எனக்கு நோய் வந்ததைவிட அதுதான் வலிச்சது. என் உடம்பைப் பத்தி ரூமுக்குள்ள பேசுறாங்க, நான் வெளியில பெஞ்சுல.

பிள்ளைங்களுக்கு கஷ்டமா இருக்குமேன்னு நானும் தெரியாத மாதிரியே நடிச்சேன். அவங்க எனக்காக நடிக்க நான் அவங்களுக்காக நடிக்க, ஒரு வீட்டுக்குள்ள ஆளாளுக்கு பாத்ரூம்ல போய் அழுதுக்கிட்டு இருந்தோம். கீமோவுல வாய் புண்ணாகி தண்ணி குடிக்க முடியல, அதைக்கூட சொல்லல, சொன்னா பதறுவாங்கன்னு. கடைசியில மருமகதான் உடைச்சா. ஒரு நாள் காபி குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து "அத்த, உங்களுக்கு தெரியும்னு எனக்குத் தெரியும்"னா. அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குனேன்.

பாலு_தஞ்சாவூர்

டீச்சர் சொல்றது அவங்க அனுபவம், மதிக்கிறேன். ஆனா எல்லாருக்கும் இது சரிவராதுன்னு சொல்லத்தான் எழுதுறேன், திட்டாதீங்க. எங்கப்பாவுக்கு 79 வயசுல வந்துச்சு, ஸ்மால் செல், நுரையீரல் கேன்சர்லயே அது ரொம்ப வேகமா பரவுற வகை. மொத தடவை ஸ்கேன் எடுத்துட்டு வந்தப்பவே அவரே சொல்லிட்டாரு, "தம்பி, என்ன வியாதி, எத்தனை நாள் அதெல்லாம் எனக்கு வேணாம், நீ பாத்துக்க, எனக்கு வலி மட்டும் இல்லாம பாத்துக்க"ன்னு. கடைசி வரைக்கும் அவரு கேக்கவும் இல்ல நான் சொல்லவும் இல்ல. வயலுக்கு போனாரு, பேப்பர் படிச்சாரு, பேரனுக்கு சைக்கிள் பழக்குனாரு. சொல்லியிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது. எனக்கு அதுல ஒரு துளி வருத்தமும் கிடையாது. வெளிநாட்டுக்காரன் மாதிரி மூஞ்சிக்கு நேரா போட்டு உடைக்கிறதுதான் நேர்மைன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

கோவை_சிஸ்டர்_பாலியேட்டிவ்

பாலு சார், நீங்க பண்ணுனது ரொம்ப சரிங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, உங்கப்பாகிட்ட முடிவை விட்டீங்க. வேண்டாம்னு சொன்னது அவரு. செல்வி வீட்ல அம்மாவை யாருமே கேக்கலீங்களே. எங்க வேலையில நாங்க பாக்குறது இதுதானுங்க, சொல்லலாமா வேண்டாமான்னு வீட்டுக்குள்ள பெரிய பஞ்சாயத்தே நடக்கும், சித்தப்பா மாமா எல்லாம் ஓட்டு போடுவாங்க, நோயாளியை மட்டும் கேக்க மாட்டாங்க.

செல்வி கண்ணு, நான் இருபது வருஷத்துக்கு மேல நர்ஸுங்க, இப்ப பாலியேட்டிவ் டீம்ல வீடு வீடா போறேன். பாலியேட்டிவ்னா வலி, மூச்சுத்திணறல், மனக்கஷ்டத்தை குறைக்கிற கவனிப்புங்க, கடைசி நாள்ல கைவிட்டதுன்னு நினைச்சுக்காதீங்க. 2010ல பாஸ்டன்ல ஒரு ஆய்வு வந்துச்சுங்க, பரவிப்போன நுரையீரல் கேன்சர்காரங்க 151 பேர், பாதிப் பேருக்கு ஆரம்பத்துல இருந்தே சிகிச்சையோட பாலியேட்டிவும் சேத்து குடுத்தாங்க, அவங்களுக்கு மனச்சோர்வு கம்மி, ஆயுசும் கூட, நடுக்கணக்கா, அதாவது பாதிப் பேரு அதுக்கு மேல இருந்தாங்கங்கிற கணக்குல, 8.9 மாசத்துக்கு பதிலா 11.6 மாசம். அப்பெல்லாம் இந்த மாத்திரைக இவ்வளவு பேருக்கு கிடைக்கல, அதனால அந்த மாசக் கணக்கை உங்கம்மாவோட சேத்து பாக்க வேண்டாம். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மனசுக்கும் ஆள் வேணும்ங்கிறதுக்குத்தான் சொல்றேன்.

எப்படி பேசறதுன்னு கேட்டீங்கல்ல. நீங்க சொல்ல ஆரம்பிக்காதீங்க, கேக்க ஆரம்பிங்க. "ஏம்மா, உனக்கு என்னன்னு நீ நினைக்கிற?" அவ்வளவுதான், அப்புறம் வாயை மூடிக்கோங்க. இதுதானுங்க ரொம்ப கஷ்டம், நாம உடனே சமாதானம் பேசத் தொடங்கிடுவோம். அவங்க என்ன சொல்றாங்களோ அதுல இருந்து போகணும். அடுத்து "டாக்டர் சொன்னதெல்லாம் உனக்கு முழுசா தெரியணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" தெரியணும்னா அன்னைக்கு எவ்வளவு கேக்குறாங்களோ அவ்வளவு சொன்னா போதும். ஸ்டேஜு, மாசம், வருஷம் எல்லாம் அவங்க கேக்காம சொல்லாதீங்க. ஆனா நேரா கேட்டுட்டாங்கன்னா பொய் வேண்டாம். ராத்திரியில பேசாதீங்க, காலையில சாப்பிட்டு முடிச்சு நாள் முழுக்க நீங்க கூட இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. முடியலைன்னா உங்க டாக்டர்கிட்டயே சொல்லுங்க, நீங்க பக்கத்துல இருக்க அவரு பேசட்டும்.

நெல்லை_டிரைவர்

யம்மா செல்வி, நான் பஸ் ஓட்டுனவன். வண்டியில பிரேக் சரியில்லன்னா ஓட்டுறவன்ட்டதான மொதல்ல சொல்லணும்? உங்க அண்ணன்ட்ட இதை மட்டும் கேளு.

எனக்கு ஸ்குவாமஸ்ங்கிற இன்னொரு வகை நுரையீரல் கேன்சர், மூணாவது ஸ்டேஜ். கீமோவும் கரண்டும், அதான் ரேடியேஷன், சேத்து குடுத்து, அதுக்குப் பொறவு டுர்வாலுமாப்னு உடம்போட எதிர்ப்பு சக்தியை தூண்டுற இம்யூனோதெரபி ஊசி ஒரு வருசத்துக்கு. தைராய்டு படுத்துட்டு, அதுக்கு தினம் காலையில ஒரு மாத்திரை, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். இன்னொண்ணும் சொல்லுதேன், யாரும் கோவிக்கக்கூடாது. இங்க எழுதுற எல்லாரும் "சிகரெட் தொட்டதே இல்ல"ன்னுதான் ஆரம்பிக்காங்க. ராகவன் தம்பி நீயுந்தான். நான் தொட்டவன். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட், ராத்திரி டூட்டியில கண்ணு சொக்காம இருக்கணும்னு பிடிச்சது. விட்டு வருசக்கணக்காச்சு. ஆஸ்பத்திரியில பேரு கேக்கதுக்கு முன்னால "பீடியா சிகரெட்டா"ன்னு கேக்காங்க, சொந்தக்காரன் பாக்க வந்தா பழத்தை வச்சுட்டு "அப்பவே சொன்னேம்லா"ங்கான். குடிச்சவனுக்கு வந்தா நெஞ்சு வலிக்காதா, அவன் பெண்டாட்டிக்கு தூக்கம் வருதா?

ராகவன்_மடிப்பாக்கம்

அண்ணாச்சி, நீங்க சொன்னதுல நூத்துக்கு நூறு உண்மை இருக்கு. அந்த வரியை நான் ஏன் எழுதறேன்னா, எழுதலன்னா அடுத்த கேள்வி அதுவாத்தான் இருக்கும், கேட்டு கேட்டு அலுத்துப் போச்சு. ஆனா அது உங்க மேல குத்துதுன்னு இப்பதான் உரைக்குது. இனிமே போடல.

செல்விமகள்_புதுக்கோட்டை

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். டாக்டருக்கு போன் போட்டுட்டேன், திட்டல, உடனே திரும்ப ஆரம்பிக்க சொன்னாரு, பருவுக்கும் வயித்துக்கும் மருந்து எழுதி குடுக்குறேன் கூட்டிட்டு வாங்கன்னாரு. டீச்சரம்மா, அந்த பெஞ்சு விஷயம்... நானும் அதையேதான் பண்றேன், ஃபைலை பையில போட்டு ஜிப்பை மூடிடுவேன்.

அண்ணன்ட்ட ராத்திரி பேசினேன், ஒரே சண்டை. அவன் வீடியோ கால்ல டாக்டர் ஆயிடுவான், ஒஸிமர்டினிப்னு புது மாத்திரை இருக்காம், அதை ஏன் ஆரம்பிக்கல, கூகுள்ல அதுதான் பெஸ்ட்னு போட்டிருக்கு, நீ சரியா கேக்கலங்கிறான். வாமிட்டிங் அள்ளுறது, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறது, மாமியாரோட மூஞ்சியை பாத்துக்கிட்டு இங்கயும் அங்கயும் ஓடுறது எல்லாம் நான். பணம் அவன்தான் அனுப்புறான், அதை இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த மாத்திரை விஷயம் நிஜமா அப்படியா? நாங்க மட்டமான மருந்து குடுக்குறோமா?

தெரிஞ்சவங்க ஒருத்தங்க முள்சீத்தா இலை கசாயம் குடுத்தா போதும், இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு வேற சொல்றாங்க.

இயற்கை_வைத்தியம்_99

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மேலே விலை, போன் நம்பர், "90 நாளில் குணம்" எல்லாம் போட்டு வந்த பதிவை தூக்கியாச்சு. நோயாளிங்ககிட்ட வியாபாரம் பண்றதுக்கு இங்க இடம் இல்லை.

ராகவன்_மடிப்பாக்கம்

கசாயம் வேண்டாம் சிஸ்டர். ஜெஃபிட்டினிப்பே லிவர் என்ஸைமை ஏத்தும், அதுக்குத்தான் அப்பப்ப ரத்த டெஸ்ட் எடுக்கறாங்க. நடுவுல கசாயமும் போனா எதனால ஏறுச்சுன்னு யாருக்கும் தெரியாது, டாக்டர் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும். அதே மாதிரி வயித்தெரிச்சலுக்கு கடையில கேட்டு கேஸ் மாத்திரை வாங்கி குடுக்காதீங்க. பேன்டோபிரசோல், ரானிடிடின் மாதிரி ஆசிடை குறைக்கிற மாத்திரைங்க ஜெஃபிட்டினிப் உடம்புல சேர்றதை குறைச்சிடும். இதை நிறைய பேருக்கு யாருமே சொல்றதில்ல, டிஸ்சார்ஜ் சீட்டுல பழக்கதோஷத்துல பேன்டோபிரசோல் எழுதியே குடுத்துடுவாங்க. அம்மா சீட்டுல இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர்ட்ட கேளுங்க.

அண்ணன் சொல்றது பாதி சரி. ஃப்ளாரான்னு ஒரு பெரிய டிரையல், அதாவது நோயாளிங்களை வச்சு மருந்தை ஒப்பிட்டுப் பாக்கற ஆய்வு, அதுல ஒஸிமர்டினிப் எடுத்தவங்களுக்கு நோய் அடங்கி இருந்தது நடுக்கணக்கா 18.9 மாசம், பழைய மாத்திரைங்கள்ல 10.2. மூளைக்கு பரவுறதையும் அது நல்லா தடுக்கும். ஆனா விலை. 2024 ஜூலை பட்ஜெட்ல கஸ்டம்ஸ் வரியை எடுத்தாங்க, அப்புறம் ஜிஎஸ்டியையும் 12ல இருந்து 5 சதவீதமா குறைச்சாங்க, அப்படியும் சாதாரண குடும்பம் மாசாமாசம் வாங்கற விலை இல்ல. ஜெஃபிட்டினிப் நம்ம ஊர் கம்பெனிங்களே பண்றதால எத்தனையோ மடங்கு கம்மி.

நடுவுல இன்னொரு வழி இருக்கு. மும்பை டாடா மெமோரியல்ல 350 பேரை வச்சு ஒரு டிரையல் பண்ணாங்க, 2020ல பேப்பர் வந்துச்சு. நோய் அடங்கி இருந்தது வெறும் ஜெஃபிட்டினிப்புக்கு 8 மாசம், அதோட பெமட்ரெக்ஸெட் கார்போபிளாட்டின் கீமோ சேத்தா 16 மாசம். நம்ம நாட்டு ஆளுங்களுக்கு, நம்மளால வாங்க முடியுற மருந்துல பண்ணது, அதனால எனக்கு அந்த டிரையல் மேல தனி மரியாதை. ஆனா கடுமையான சைடு எஃபெக்ட் ரெண்டு மடங்கு, உங்கம்மா உடம்பு தாங்குமான்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னொண்ணு, ஜெஃபிட்டினிப் ஒரு கட்டத்துல கேக்காம போனா பாதிக்கு மேல பேருக்கு காரணம் டி790எம்ங்கிற இன்னொரு மாற்றம், அதுக்கு ஒஸிமர்டினிப் வேலை செய்யும். ரத்தத்துலயே அதை டெஸ்ட் பண்ணலாம். அதனால கதவு எதுவும் மூடல. அண்ணன்கிட்ட இந்த கேள்விகளை எழுதி அனுப்ப சொல்லுங்க, டாக்டர்ட்ட நீங்க கேளுங்க, அவருக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி இருக்கும்.

பாலு_தஞ்சாவூர்

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருஷ வருமானம் 1,20,000க்கு உள்ள இருந்தா கிடைக்கும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். விஏஓட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற கவுண்டருக்கு போகணும். எந்த மருந்து, எந்த சிகிச்சை அதுல வருதுன்னு ஆஸ்பத்திரிலயே காப்பீட்டுக்குன்னு ஒரு ஆள் உக்காந்திருப்பாங்க, அவங்கட்ட முன்னாடியே கேட்டுக்கங்க. விலை கூடுன மாத்திரைங்களுக்கு கம்பெனியே இவ்வளவு வாங்கினா இவ்வளவு இலவசம்னு திட்டம் வச்சிருப்பாங்க, டாக்டர் மூலமாத்தான் போகணும், நாமா கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் சொல்றேன், உங்கம்மா விஷயத்துல சிஸ்டர் சொன்னதை ஏத்துக்கிறேன். கேட்டுப் பாருங்க. வேணாம்னு சொன்னாங்கன்னா மட்டும் எங்கப்பா மாதிரி விட்டுடுங்க.

கோவை_சிஸ்டர்_பாலியேட்டிவ்

பருவைப் பத்தி. அது மருந்தோட வேலைதானுங்க, நிறைய பேருக்கு வரும். சாதாரண பருவுக்கு போடற க்ரீம் போடக்கூடாது, தோலை இன்னும் காய வச்சிடும். மஞ்சள், கடலைமாவு தேச்சு குளிக்கறதும் இப்போதைக்கு வேண்டாம். மைல்டு சோப்பு, குளிச்ச உடனே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயில்ல போனா தலையில முந்தானை. ரொம்ப இருந்தா டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாதிரி குடுப்பாரு. வயித்தால போனா உப்பு சர்க்கரை கரைசல், நாலஞ்சு தடவைக்கு மேல போனா டாக்டருக்கு சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் காத்திருக்கக் கூடாதுங்க. புதுசா வறட்டு இருமல், மூச்சு இரைப்பு, காய்ச்சல் திடீர்னு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அபூர்வமா இந்த மாத்திரையே நுரையீரல்ல அழற்சி பண்ணும், இல்லைன்னா தண்ணி திரும்ப கோத்திருக்கும். இதையெல்லாம் உங்கம்மாவே கவனிச்சு சொல்லணும்னா அவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்ல?

மூச்சு வாங்கறப்ப கொஞ்சம் முன்னாடி சாஞ்சு தலகாணியை மடியில வச்சு கையை அது மேல போட்டு உக்கார வைங்க, சின்ன ஃபேனை மூஞ்சிக்கு நேரா புடிங்க, மூக்குல இழுத்து உதட்டை குவிச்சு மெதுவா விடச் சொல்லுங்க. ஃபேனு என்னத்த பண்ணும்னு நினைக்காதீங்க, நல்லாவே கேக்கும். வீட்டுக்கே ஆள் வேணும்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்ல வந்து பாக்குற பாலியேட்டிவ் நர்ஸும் இருக்காங்க.

அப்புறம் நீங்க எப்ப தூங்கறீங்க?

செல்விமகள்_புதுக்கோட்டை

சிஸ்டர், அந்த கடைசி கேள்விக்கு பதில் எழுத வரல. அப்புறம் எழுதுறேன்.

செல்விமகள்_புதுக்கோட்டை

இடையில வர முடியல. பேசிட்டேன். அண்ணன் முழுசா ஒத்துக்கல, "என்னமோ பண்ணு, ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான்"னான். அப்பா மாட்டுக் கொட்டகை பக்கம் போயிட்டாரு.

அம்மா தோட்டத்துல பலாக்கொட்டை உரிச்சிட்டு இருந்தாங்க, நானும் பக்கத்துல உக்காந்து உரிக்க ஆரம்பிச்சேன். சிஸ்டர் சொன்ன மாதிரியே கேட்டேன், உனக்கு என்னன்னு நினைக்கிறம்மான்னு. "டிபிதான், நீங்க ஊருக்கு பயந்து சளின்னு சொல்றீங்க"ன்னாங்க! அவங்க இவ்வளவு நாளா தனக்கு டிபின்னு நினைச்சு, பேரனுக்கு ஒட்டிக்கும்னு தட்டு டம்ளரை தனியா வச்சு, அவனை மடியில கூட வைக்காம இருந்திருக்காங்க. அவன் கிட்ட வந்தா ஏன் விரட்டுறாங்கன்னு எனக்கே மனசுக்குள்ள ஒரு கோவம் இருந்துச்சு.

டிபி இல்லம்மா, முழுசா தெரியணுமான்னு கேட்டேன். சொல்லுன்னாங்க. சொன்னேன். அழல. "ஒட்டுமா?"ன்னாங்க. ஒட்டாதுன்னேன். அதுக்கப்புறம்தான் கோவம் வந்துச்சு பாருங்க, செம கோவம், சாவப்போறவகிட்ட எத்தனை நாள் பொய் சொல்வீங்க, அடகு வச்ச நகை எங்க, எவ்வளவு செலவாச்சு, என்னைக் கேட்டீங்களான்னு. ரெண்டு நாளு என்கிட்ட பேசவே இல்ல, அப்பாட்ட மட்டும் பேசினாங்க. மூணாவது நாள் காலையில எந்திரிச்சு மாத்திரை டப்பா எங்கன்னு கேட்டு வாங்கி அவங்க முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. இப்ப அவங்களே காலண்டர்ல கிழிக்கிற தாள்ல டிக் போட்டு சாப்பிடுறாங்க. போன தடவை டாக்டர் ரூமுக்கு அவங்களும் உள்ள வந்தாங்க, நான் பேசறதுக்கு முன்னாடி அவங்களே "அய்யா, இந்த மருந்து எத்தன வருஷத்துக்கு கேக்கும்"னாங்க, டாக்டரே ஒரு நிமிஷம் அசந்துட்டாரு.

அண்ணனுக்கு அம்மாவே போன் பண்ணி திட்டினாங்க. அவன் தைப்பொங்கலுக்கு வர்றான்.

மீனாட்சி_டீச்சர்_மதுரை

டிபின்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்களா! அய்யோ. நாம சொல்லலைன்னா அவங்க மனசு சும்மா இருக்காதும்மா, ஏதோ ஒண்ணை அதுவா கட்டிக்கும், அது நெசத்தைவிட மோசமாவும் இருக்கும். பேரனை மடியில வச்சாங்களா?

செல்விமகள்_புதுக்கோட்டை

இப்ப எறங்க மாட்டேங்கிறான் டீச்சர்.

நெல்லை_டிரைவர்

உங்க அம்மா பெரிய ஆளுதான். நகைய எங்கன்னு கேட்டா பாரு, அதுல தெரிஞ்சு போச்சு, அவளுக்கு இன்னும் வாழணும்னு இருக்கு. அடுத்த ஸ்கேன் எப்பம்? ஸ்கேனுக்கு முந்தின வாரம் எல்லாரும் வீட்ல எரிஞ்சு எரிஞ்சு விழுவீங்க, எங்க வீட்லயும் அப்படித்தான், இப்பவே சொல்லிப்புட்டேன்.

செல்விமகள்_புதுக்கோட்டை

அடுத்த மாசம் அண்ணாச்சி. ஒரு தடவை சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியிலயும் காட்டி செகண்ட் ஒப்பீனியன் கேக்கலாம்னு அம்மாவே சொல்றாங்க. இங்கேருந்து ராத்திரி ரயில்ல போகணும், கேன்சர்காரங்களுக்கு டிக்கெட்ல சலுகை இருக்காமே, எப்படி வாங்குறது? கால் கட்டைவிரல்ல நகத்தோரம் வேற வீங்கி சிவந்திருக்கு, செருப்பு போட முடியல.

பாலு_தஞ்சாவூர்

இருக்கு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போனா ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏசியிலயும் நோயாளிக்கு முழு சலுகை, கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம். ரெண்டடுக்கு ஏசின்னா ரெண்டு பேருக்கும் பாதி. அதுக்குன்னு ரயில்வேயோட படிவம் இருக்கு, ஆஸ்பத்திரியில டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கிட்டு ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டருக்கு நேரா போங்க. எங்கேருந்து எங்கன்னு படிவத்துல ஊர் பேரு சரியா இருக்கணும், பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுத சொல்லுங்க, ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. பொங்கல் நேரம் வேற, சீக்கிரம் போடுங்க.

கோவை_சிஸ்டர்_பாலியேட்டிவ்

நகத்தோரம் வீங்கறதும் இந்த மாத்திரையாலதானுங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில தினம் பாதத்தை கொஞ்ச நேரம் ஊற வச்சு, நல்லா ஒத்தி காய வைங்க. நகத்தை ஒட்ட வெட்டாதீங்க, முன்னாடி மூடுன செருப்பு வேண்டாம். சீழ் வச்சாலோ ரொம்ப வலிச்சாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க, ஊருக்கு போற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. நீங்க தூங்கறதைப் பத்தி கேட்டேனே கண்ணு, அதுக்கு பதில் இன்னும் வரலீங்க.

செல்விமகள்_புதுக்கோட்டை

அம்மா கேட்டு சொல்ல சொன்னாங்க: நாட்டுக்கோழி குழம்பு சாப்பிடலாமா, ஊர்ல எல்லாரும் சூடுன்னு சொல்றாங்களாம். தூக்கம்... சித்திய ராத்திரிக்கு வரச் சொல்லியிருக்கேன் சிஸ்டர், வெள்ளிக்கிழமையில இருந்து.

கோவை_சிஸ்டர்_பாலியேட்டிவ்

தாராளமா சாப்பிடட்டும், நல்லா வேக வச்சு. வயித்தால போறப்ப மட்டும் காரத்தையும் எண்ணெயையும் குறைச்சுக்கோங்க. இளைச்ச உடம்புக்கு கோழி, முட்டை, பருப்பு எல்லாம் வேணுங்க. பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம், மருந்தோட அளவை ரத்தத்துல மாத்திடும். சித்தி வர்றது ரொம்ப நல்லது.

நெல்லை_டிரைவர்

கோழிக்கொழம்புக்கு அட்ரஸ் அனுப்பு தாயி.

மட்டுறுத்துநர்

அண்ணாச்சி, முகவரி எல்லாம் தனிச்செய்தியில மட்டும் 🙂